சந்தனம் பூசிய பொத்தான்

இயந்திரம் முடிவெடுக்கும் இடங்களிலெல்லாம் அதை நிறுத்துவதற்கு, மனிதர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்க வேண்டும் என்றது நாட்டின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை. அணையின் கட்டுப்பாட்டு அறையிலும் ஒன்றைப் பொருத்தினார்கள். அதை அழுத்தும் தேவை வரவேயில்லை. ஆயுதபூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும் தவறாமல் வைத்தார்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆடிப்பெருக்கன்று காலை, யாரும் கேட்காமலே இயந்திரம் மதகுகளைத் திறக்கத் தொடங்கியது. கீழே படித்துறையில் ஊரே கூடியிருந்தது. பொறியாளர் செந்தாமரை பொத்தானை நோக்கி ஓடினாள்.

"மேடம், செருப்பு!" என்று பதறினார் உதவியாளர் பிச்சைக்கண்ணு.

அவளும் கழற்றிவிட்டுத்தான் போனாள். விரலால் அழுத்தினாள், பிறகு உள்ளங்கையால். பொத்தான் அசையவில்லை. அதன் விளிம்பைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

"வருஷா வருஷம் நாந்தான் மேடம் வெக்கிறேன். பழச சுரண்டுனா சாமி குத்தமாயிடும்னு அதுமேலயே வெச்சிருவேன்."

செந்தாமரை நகத்தால் சுரண்டினாள். சந்தனத் தூள் உதிர்ந்தது. அதற்கடியிலும் சந்தனம்தான்.

திரையில் படித்துறை தெரிந்தது. ஆறு பெருகி வருவதைக் கண்ட பெண்கள் கைகூப்பிக் குலவையிட்டார்கள்.