ஆறாம் எண் பெட்டி

காலை ஏழு நாற்பதுக்கு முப்பதாம் எண் பெட்டி தரையில் இறங்கியது.

அவள் எண்ணைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

அந்த இடத்தில் ஆறு இறங்கியிருக்க வேண்டும்.

பெட்டி என்றால் வீடு. ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இரும்பில் செய்து, உள்ளே டைல்ஸ் ஒட்டி, சிங்க் பதித்து, சன்னலுக்குக் கம்பி போட்டு, முழு வீடாக டிரெய்லரில் ஏற்றி அனுப்புகிறார்கள். கிரேன் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறது. தரையில் எட்டு. மேலே மூன்று மாடி, மாடிக்கு எட்டு.

இடித்த குடியிருப்பின் சனம் முழுக்க எதிரே இருந்த தகரக் கொட்டகைகளிலிருந்து வந்து, கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றது. தீப்பெட்டி அடுக்குறாப்ல அடுக்குறான்யா என்றார் ஒருவர். காத்தடிச்சா உன் வூடு என் வூட்டுக்கு வந்துரும், சோத்த மூடி வை என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

ஆறு அவளுடையது. இரண்டு மாதம் முன்பு குலுக்கலில் வந்தது. ஒன்றிலிருந்து எட்டு வரை தரைத்தளம் என்று சொல்லித்தான் குலுக்கினார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு ஓடி ஏழுமலையிடம் காட்டினாள். சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் அவள் கணவனுக்குச் சக்கர நாற்காலிதான். அவன் சீட்டை முன்னும் பின்னும் பார்த்தான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வேனில் கூட்டிப்போய்த் தொழிற்சாலையைக் காட்டினார்கள். ஆறுக்கு அப்போது கதவுகூட மாட்டவில்லை. கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வேண்டும் என்று வெல்டரிடம் கேட்டாள். எவ்வளவு உயரத்தில் என்றார். சொல்லத் தெரியவில்லை. உறை பிரிக்காத பீங்கான்மேல் உட்கார்ந்து, ஏழுமலை எப்படிப் பிடிப்பானோ அப்படிக் காற்றைப் பிடித்தாள்.

வெல்டர் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்.

அந்தக் கம்பியோடுதான் ஆறு இப்போது, முப்பதுக்கு வைத்திருந்த மூன்றாவது மாடி இடத்துக்குப் போகிறது.

பொறியாளர் சின்ன வயதுக்காரன். ஆறை ஏற்றிய டிரெய்லர் சுங்கச்சாவடியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது என்றான். கிரேன் காத்திருக்காது. கைக்கு வந்ததை வைத்துவிட்டார்கள். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, ஒரே கனம். எது எங்கே இருந்தாலும் கட்டடம் நிற்கும்.

அவள் ஒதுக்கீட்டு ஆணையை நீட்டினாள்.

பெட்டி எண் 6. அவ்வளவுதான் இருந்தது. தளம் என்று ஒரு சொல் இல்லை. எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

முப்பதை எடுத்துவிட்டு ஆறுக்கு இடம் விடச் சொன்னாள். போல்ட் முறுக்கியாயிற்று, பத்து மணிக்கு அதன் தலைமேல் அடுத்தது உட்காரும் என்றான். எண்ணையாவது மாற்றி எழுதச் சொன்னாள். எண் இரும்பில் அடித்தது, பெயின்ட் அல்ல என்றான். கொஞ்ச நேரம் தலைக்கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

பிறகு அவனே சொன்னான்.

"முப்பது யாருக்கோ, அவங்களும் நீங்களும் சேந்து மாத்திக்கிறோம்னு ஒரு லெட்டர் குடுங்கம்மா. அஞ்சு மணிக்கு லிஸ்ட் மேல போயிடும். அதுக்குள்ள குடுத்துடுங்க."

முப்பது தேசம்மாவுடையது.

பழைய கட்டடத்திலும் தேசம்மாவுக்கு மூன்றாவது மாடிதான். தெருவில் இட்லி விற்க, விடியுமுன் இட்லி அண்டா, அடுப்பு, சட்னி வாளி, தண்ணீர்க் குடம் என்று நாலு நடை இறங்குவாள். பத்து மணிக்கு நாலு நடை ஏறுவாள். பதினோரு வருஷம். ஏழுமலை ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அந்த அண்டாவிலிருந்து தினம் ஒரு தூக்குவாளி வந்தது. குலுக்கலில் முப்பது வந்தபோது தேசம்மா யாரையும் குறை சொல்லவில்லை. அன்று முழுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் கொட்டகைக்குப் போய் ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே நாற்காலியின் சக்கரத்தில் சுற்றியிருந்த முடியை எடுத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது மாடிக்குப் போனால் அவன் இறங்கமாட்டான்.

ஒரே ஒருமுறை இறங்குவான். அன்றைக்குத் தூக்க நாலு பேர் வருவார்கள்.

கடிதத்தை அவளே எழுதினாள். மனமுவந்து என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்தான். எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் இடம் விட்டாள்.

ஒரு மணிக்குக் கிரேன்காரர் சாப்பிட இறங்கினார். சனம் கயிற்றைத் தாண்டியது. காவலாளி விசில் ஊதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அவளும் தாண்டினாள்.

தேசம்மா முப்பதுக்குள் இருந்தாள். சுவரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து மடித்து ஓரமாக வைத்திருந்தாள். தரை துடைத்து இன்னும் காயவில்லை. சமையல் மேடை தெருப்பக்கத்துச் சன்னலோரம் இருந்தது. அதன்மேல் இட்லி அண்டா. அடுப்பு இன்னும் வரவில்லை.

அவள் சன்னலுக்கு வெளியே நின்றாள். கடிதம் கையில் இருந்தது. மறைக்கவில்லை.

தேசம்மா கடிதத்தைப் பார்த்தாள். மடித்த தாளில், மனமுவந்து வீடு மாற்றிக்கொள்கிறோம் என்ற முதல் வரி மட்டும் தெரிந்தது. படிக்கிற அளவு நேரம் பார்த்தாள்.

பிறகு அண்டாவை இரண்டு கையாலும் பிடித்து, சன்னல் பக்கம் ஒரு சாண் நகர்த்தினாள்.

"யக்கா, அங்கயே நில்லு. ரோட்ல நின்னு இட்லி வாங்குற ஆளுக்கு இது எட்டுமா?"