பின்சீட்டு

"ஏப்பா, நம்ம காரு போகுது. நாம மட்டும் ஏன் நிக்கறோம்?"

ஆறு வருடத்துக்கு முன் அவனுடைய மகள் தாரணி கேட்டது. மழையில் நின்று கேட்டாள்.

இன்று அந்தக் காரின் பின்சீட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில், செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று நீளமாகக் கிடந்தது.

ஓட்டிக்கொண்டிருந்தவர் சென்னியப்பன். அன்றைய முதலாளி. பனியன் கம்பெனியை மூடிவிட்டார். அரை மணி நேரத்துக்கு முன் பழைய கார் விற்கிற கன்சல்டிங் கடையில் கையெழுத்துப் போட்டு, வண்டியை அவனுக்கு விற்றிருந்தார்.

அவருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை.

பதினோரு மாதம் அவன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வந்தவர். பார்த்ததெல்லாம் அவனுடைய பிடரியை.

கடையில் அவன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். படிவத்தில் அவன் பெயரைப் படித்தார். நிமிரவில்லை.

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற வண்டி. பின்சீட்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சல்லடை உண்டு. பேட்டரிக்குக் காற்று போவது அந்த வழியாகத்தான். அவன் விரலை விட்டு ஒரு திரித் தூசியை எடுத்துக் காட்டினான்.

"அடைச்சிருக்குதுங்ணா. பேட்டரி எந்நேரமும் போயிரும்."

போகாது. ஒரு பிரஷ் இருந்தால் பத்து நிமிட வேலை. அவனுக்குத் தெரியும்.

அந்தத் தூசியைச் சொல்லியே விலையை இறக்கினான். ஒவ்வொரு முறையும் சென்னியப்பனின் முகத்தைப் பார்த்து இறக்கினான்.

"முன்ன ஒரு டிரைவர் இருந்தானுங் தம்பி. வாரா வாரம் அதத் தொடச்சு வெப்பான்."

"பேருங்?"

"ஞாபகமில்லீங்."

"ஏன் நின்னுட்டானுங்?"

"தெரியலீங். டிரைவருக எங்கீங் நெலையா நிக்கறாங்க."

கடைக்காரர் சிரித்தார். சென்னியப்பனும் சிரித்தார். அவனும் சிரித்தான்.

பிறகு சொன்னான்.

"கடைசியா நீங்களே ஓட்டுங்ணா. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். அப்படியே உங்கள வீட்ல விட்டுட்டுப் போறேன்."

இப்போது அவருடைய பிடரி அவன் முன்னால் இருந்தது. நரைத்திருந்தது.

ஆற்றுப் பாலம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அன்றும் இதே இடம்தான். மழைக்காகப் பள்ளியைச் சீக்கிரம் விட்டிருந்தார்கள். சாலையோரம் நனைந்து நின்ற தாரணியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னவர் முதலாளியின் மனைவி, மயிலாவதியம்மா. பக்கத்தில் உட்கார வைத்து முந்தானையால் தலையைத் துவட்டினார். கம்பெனி வாசலில் சென்னியப்பன் ஏறினார். ஈரமான சீட்டைத் தொட்டுப் பார்த்தார். பாலம் ஏறும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"சாவியக் குடு. நாளைலருந்து வர வேண்டாம்."

இரண்டு பேரையும் மழையில் இறக்கிவிட்டு அவரே ஓட்டிக்கொண்டு போனார். நகர்ந்த வண்டியின் ஜன்னல் கொஞ்சம் இறங்கியது. ஒரு வளையல் கை குடையை நீட்டியது. அவன் வாங்கிக்கொண்டான்.

தாரணிக்கு இப்போது பன்னிரண்டு. தான் கேட்டது அவளுக்கு நினைவில்லை.

"இங்க நிறுத்துங்ணா," என்றான்.

நிறுத்தினார்.

"சாவியக் குடுங்க. எனக்கு வேற சோலி இருக்குது."

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார்.

"வீட்ல விடறேன்னீங்களே, தம்பி?"

அவன் சாவிக்குக் கையை நீட்டினான். வைப்பர் நாலைந்து தரம் போய் வந்தது.

"பரவால்லீங். வண்டி உங்களது."

டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன முருகனைப் பெயர்க்க ஆரம்பித்தார். விற்ற வண்டியில் தன் சாமியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. பசை விடவில்லை. நகத்தால் சுரண்டினார். நகம் மடங்கியது.

"சீக்கிரமுங்ணா."

கையோடு வந்தார் முருகன். சட்டைக்குள் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு இறங்கினார். அவன் முன்னால் போய் உட்கார்ந்தான். மடியில் இருந்ததைப் பக்கத்துச் சீட்டில் வைத்தான். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கண்ணாடியில் அவர் சிறிதாகிக்கொண்டே போனார்.

ஆறு வருடமாக அவன் பார்க்க நினைத்தது இதைத்தான். பார்த்துவிட்டான். ஆனால் நிற்கிறவருக்கு ஏன் என்று தெரியவில்லை. அவருக்கு அது வெறும் மழை.

பாலத்திலிருந்து அவர் வீடு அரை மணி நடை. வண்டிக்கு ஐந்து நிமிடம்.

தெரு திரும்பியதும் வேகத்தைக் குறைத்தான். எஞ்சின் தானாக அடங்கியது. வண்டி பேட்டரியில் ஊர்ந்தது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

வீட்டின் முன்கதவு திறந்திருந்தது. உள்ளே மயிலாவதியம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். முதுகு தெரிந்தது. கையில் வளையல் இல்லை.

செய்தித்தாளைப் பிரித்தான். கருநீலக் குடை. வளைந்த மரப்பிடி. அன்று காயவைத்துச் சுற்றியது. அதன் பிறகு யாரையும் விரிக்க விட்டதில்லை. இன்று கொண்டு வந்தது சென்னியப்பனின் முகத்துக்கு நேரே விரிக்க.

செருப்பைக் காரிலேயே கழற்றிவிட்டு இறங்கினான்.

கேட்டின் கொக்கியில் குடையை மாட்டினான். பிடி உள்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தான். மணியை அடிக்கவில்லை. மழையில் ஒரு நிமிடம் நின்றான்.

மயிலாவதியம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது.

சென்னியப்பன் இன்னும் நடந்துகொண்டிருப்பார். திரும்பிப் போகிற வழியிலும் அந்தப் பாலம் இருந்தது.