மூன்றாம் டோக்கன்

குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறையில் மூன்றாம் டோக்கன் ஊரையே கூட்டுகிறான். உள்நாக்கு ஆடுவது வரை எல்லோருக்கும் தெரிகிறது. அவன் செருப்பு ஒன்று மீன் தொட்டியில் மிதக்கிறது. சுற்றியிருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். "வாயை மூடுடா, மானம் போகுது" என்று அப்பா கெஞ்சுகிறார். நர்ஸ் வெளியே வருகிறார். அவர் பார்வை ஜன்னலோரம் அம்மாவின் தோளில் ஈரத்துணிபோல் கிடக்கும் ஏழாம் டோக்கனிடம் நிற்கிறது. அந்தச் சிறுமி முனகக்கூட இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா குழிந்து எழும்புகிறது. "நீங்க வாங்கம்மா, உடனே." அப்பா துள்ளி எழுகிறார். "நாங்கதாங்க மூணு! அழுத பிள்ளைக்குத்தானே முதல்ல பால்?" நர்ஸ் திரும்பாமலே சொல்கிறார்: "இப்படிக் கத்த நெஞ்சுல தெம்பு வேணும் சார். அழாத பிள்ளையைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்." கதவு மூடுகிறது. அதையே பார்த்தபடி பையன் சட்டென்று வாயை மூடுகிறான். தொட்டியில் குமிழி வெடிக்கும் சத்தம் கேட்கிறது. அப்பாவின் முகம் வெளுக்கிறது. அவன் நெற்றியைத் தொடுகிறார், சட்டையைத் தூக்கி விலாவைப் பார்க்கிறார், "அழுடா கண்ணு, கொஞ்சமாவது அழு" என்று தொடையில் மெல்லக் கிள்ளுகிறார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சிறுமியின் அழுகை மெலிதாகக் கேட்கிறது. பையனும் சேர்ந்து வீறிடுகிறான். இந்த முறை யாரும் காதைப் பொத்தவில்லை.