கதவு சாத்திய பிறகு

டப்பிங்கில் கதை வரிசையாக வருவதில்லை. காலப்பயணத்தைப் பற்றிய அந்த ஜப்பானிய அனிமே தொடரில் பிரமிளா கடைசி எபிசோடைத்தான் முதலில் பேசினாள். பள்ளிச் சீருடையோடு வேறொரு காலத்தில் மாட்டிக்கொண்ட பெண், திரும்ப வழியே இல்லையென்று தெரிந்து அம்மாவைக் கூப்பிட்டு அழும் காட்சி.

ஒரு வாரம் கழித்து முதல் எபிசோட் வந்தது. அதே பெண் ஷூவை மாட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்த்து நிற்கும் அம்மாவிடம் ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். வசனத்தாளில் "போறேன்" என்று இருந்தது.

"இப்ப உனக்கு எதுவுமே தெரியாதும்மா. தினமும் ஸ்கூலுக்குக் கிளம்புற மாதிரி சாதாரணமா சொல்லு," என்றார் டப்பிங் இயக்குநர் தனசேகர்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பிரமிளா ஒருநாளும் வெறுமனே போறேன் என்று சொன்னதில்லை. மைக்கின் முன்னாலும் "போயிட்டு வரேன்" என்றுதான் வந்தது. "போயிட்டு" என்பதற்குள் படத்தில் கதவு சாத்திக்கொண்டது.

"லிப் தாண்டிருச்சு சார், வாயசைவு முடிஞ்சும் பேசிட்டேன். ஒன் மோர் டேக் போயிடலாம்," என்றாள்.

"இரு," என்று தனசேகர் அதை ஓட்டிக் காட்டினார். மூலத்தில் அந்த இடத்தில் சத்தமே கிடையாது. இப்போது மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து "வரேன்" என்று கேட்டது. திரையில் அம்மா கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் மறுபடியும் ஓட்டினார். அம்மா மறுபடியும் திரும்பிப் பார்த்தாள்.

"இதையே வச்சுக்கலாமா சார்?"

"வேணாம்மா," என்றார் தனசேகர். "அந்தம்மா காத்துக்கிட்டே இருப்பாங்க."