துரைக்கும் துரைசானிக்கும் டிக்கெட்

“துரையும் துரைசானியும் வந்தாத்தான் நான் கப்பல் ஏறுவேன். இல்லாங்காட்டி நீ மட்டும் போய்க்கோய்யா!”

சொல்லிக்கொண்டே சம்பூர்ணம் டிரங்குப் பெட்டியில் புளியை அமுக்கி அமுக்கி வைத்தாள். துரையும் துரைசானியும் அவள் வளர்க்கும் பூனைகள். துரை பெட்டியின் மூடி மேல் படுத்துக் கொட்டாவி விட்டது.

அது 1966. ஆரணி ரைஸ் மில்லில் ஃபிட்டராக இருந்த அவள் புருஷன் மணவாளனுக்குப் பினாங்கில் ஓர் அரிசி ஆலையில் வேலை கிடைத்திருந்தது. வேலைக் கடிதம் வந்த நாளிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முடிவெட்டப் போன இடத்தில்கூடக் கப்பலைப் பற்றித்தான் பேச்சு. அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட இரண்டு பூனைகள்!

“பூனைங்களைக் கப்பல்ல யாராவது இட்டுக்கினு போவாங்களா? ஊரே சிரிக்கும்மே.”

“சிரிக்கட்டும். அஞ்சு வருசமா என் கையாலதான் சோறு துன்னுதுங்க. ரெண்டையும் தெருவுல வுட்டுட்டு, நான் மட்டும் பினாங்குல பொடவை கட்டிக்கினு மினுக்கறதா? என்னால ஆவாது.”

மணவாளன் மறுநாள் மெட்ராஸுக்குப் போனான். பூனைக்குக் கூண்டு வேண்டும், மாட்டு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், பினாங்குக்கு எழுதிப் பதில் வர வேண்டும் என்று கப்பல் கம்பெனி குமாஸ்தா அடுக்கிக்கொண்டே போனார். பதில் வர ஒரு மாதம் ஆகுமாம். கப்பலுக்கு இருந்ததோ பத்தே நாள்.

எதிர் டீக்கடையில் நின்று மணவாளன் வாய்விட்டே புலம்பினான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரர் திரும்பினார். துளசிராமன் என்று பேர், பழவேற்காட்டுப் பக்கத்து ஆள்.

“பூனையா? எலி புடிக்குமா நைனா?”

“இன்னா அப்படிக் கேட்டுட்ட! ராவுல ரெண்டும் எங்க மில்லுக்கு வந்துடும், அங்க மருந்துக்கு ஒரு எலி கெடையாது.”

“அப்ப என்கிட்ட குடுத்துடு. நம்ம ஸ்டோருல அரிசி மூட்டை, கோதுமை மூட்டை எல்லாத்தையும் எலி கொதறிக்கினு கீது. ஒரே பேஜாரு. மீன் தலைக்கு அங்க பஞ்சமே இல்ல.”

மணவாளனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எந்த ஸ்டோர், எந்தத் தெரு என்றுகூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை இதே டீக்கடை என்று பேசி முடித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினான்.

“மெட்ராஸ்ல பெரிய டாக்டரு கீறாராம். சர்டிபிகேட் வாங்க ரெண்டையும் இட்டுக்கினு போறேன்” என்று வீட்டில் சொன்னான்.

சம்பூர்ணம் குழந்தையாட்டம் குதித்தாள். சனிக்கிழமை காலையில் இரண்டுக்கும் நெற்றியில் பொட்டு வைத்து, திருஷ்டி கழித்து, மூங்கில் கூடைக்குள் விட்டாள். “துரைசானிக்கு ஊசின்னா பயம்யா. கூடவே நில்லு” என்று தெருமுனை வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

சாயந்திரம் மணவாளன் வெறுங்கூடையோடு திரும்பினான்.

“டாக்டர் ஊசியை எடுத்தாரு. ரெண்டும் சன்னலைத் தாண்டி ஒரே ஓட்டம். பகல் பூரா தேடினேன் சம்பூர்ணம், ஒரு வாய் சோறுகூடத் துன்னல” என்றான். சொல்லும்போது ஏப்பம் வராமல் பார்த்துக்கொண்டான்.

அவள் இரண்டு நாள் அழுதாள். அவனுக்கும் உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கப்பல் காத்திருக்குமா? மூன்றாம் நாள் அவளே முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “இனிமே இங்க எனக்கு இன்னா கீது, போலாம் வா” என்றாள்.

கப்பல் ஊதியபோது மணவாளனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கரையில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் துண்டை எடுத்துச் சுழற்றினான். மெட்ராஸ் ஒரு கோடாகி மறைந்தது. சாப்பாட்டு மணி அடிக்கவும் சம்பூர்ணத்தோடு தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.

அவள் காலை எதுவோ உரசியது. குனிந்தவள் தட்டைக் கீழே போட்டாள்.

“ஐயோ, துரை! துரைசானி!”

இரண்டும் அவள் மேல் தொற்றி ஏறின. “பாத்தியாய்யா! நம்மளைத் தேடிக்கினு ஹார்பருக்கே வந்து, கப்பலும் ஏறிக்கீதுங்க!” அழுதாள், சிரித்தாள், முன்னால் நின்றவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

மணவாளன் குனிந்து, கீழே விழுந்த தட்டை எடுத்தான். பிறகு சுதாரித்துக்கொண்டான். “வாசனை புடிச்சிக்கினே வந்துட்டுதுங்க. வாயில்லா ஜீவனுக்கு இன்னா பாசம் பாரேன்!” என்று துண்டால் கண்ணைக்கூட ஒற்றிக்கொண்டான். தப்பித்தோம் என்று நினைத்தான்.

அப்போது சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு காக்கிச் சட்டையில் துளசிராமன் வந்தார்.

“அட, ஆரணி நைனா! நீயும் நம்ம கப்பல்லதானா?”

மணவாளன் கண்ணைக் காட்டினான், உதட்டைக் கடித்தான். அவர் எதையும் கவனிப்பதாயில்லை.

“உன் பூனைங்க கில்லாடிப்பா! மூணே நாளு, ஸ்டோர் ரூம்ல ஒரு எலி இல்ல. கேப்டனே பாத்துட்டு, பர்மனெண்டா வெச்சிக்கோன்னுட்டாரு. ஆமா, ‘சம்சாரத்துக்குத் தெரிஞ்சா கொன்னுடுவா’ன்னு பயந்துக்கினே குடுத்தியே, அந்தம்மா ஊர்லயே தங்கிட்டாங்களா?”

சம்பூர்ணம் பூனைகளை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

சுற்றிலும் தண்ணீர், பினாங்குக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.