இருபத்திமூணாவது எண்ணெய்

பொருநை ஓடுற ஊர்ல ஒரு எண்ணெய்க் கடையாம். அந்தக் கடை வாசல்ல ஒரு வழுக்கைத் தலையாம்.

பாளையங்கோட்டை கண்காட்சியில் அன்றைக்குப் பார்த்தவரெல்லாம் சிரித்தார்கள். பின்னே? முடி கொட்டாமலிருக்க மூலிகை எண்ணெய் விற்கிற இடத்தில், வாசலிலேயே நாற்காலி போட்டுப் பளபளவென்று பர்னபாஸ் உட்கார்ந்திருந்தால்?

எண்ணெய் தயாரித்தவள் அவர் மகள் வினோலியா.

தச்சநல்லூர் தில்லைநாயகம் அண்ணாச்சி வந்தார். பெரிய கடைக்காரர். அவர் கடையில் வைத்துவிட்டால் ஜில்லா முழுக்கப் போய்ச் சேரும். ஒரு வருஷமாக வினோலியா கூப்பிட்டு, இப்போதுதான் வந்திருக்கிறார்.

பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்னல்லாம் போட்டிருக்க?"

"கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம்."

"வழுக்கையில முளைக்குமா?" காதோரத்திலிருந்து உச்சிக்கு இழுத்து வாரியிருந்த நாலு முடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"முளைக்காது அண்ணாச்சி. கொட்டுறது குறையும்."

"லேபிள்ல என்ன, இருபத்திமூணுன்னு?"

வினோலியா வாயைத் திறக்குமுன் அவர் கண் பர்னபாஸ் மேல் விழுந்தது.

"இது யாரும்மா, கண்ணு கூசுது?"

"எங்கப்பா."

"நல்லா உக்கார வச்ச போ! இவரைப் பாத்த பொறவு எவன் வாங்குவான்? வே, பைய எந்திரிச்சு அங்கன போய் இரும்."

பர்னபாஸ் எழுந்து, தோள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி சொல்லுதது சரிதான். நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன், தாயி."

"உக்காருங்கப்பா."

"இவரு இங்கன இருந்தா என் கடையில ஒரு பாட்டில் ஏறாது. சொல்லிட்டேன்."

"ஏற வேண்டாம் அண்ணாச்சி."

"பெத்த அப்பனை வச்சு வேடிக்கை காட்டுதியோ?"

வினோலியா துண்டை எடுத்தாள். வழுக்கையில் அங்கங்கே கறுத்த தழும்புகள்.

"அடுத்தவங்க தலையில தடவிப் பாக்க எனக்குப் பயமா இருந்துது. அப்பாதான் சொன்னாவ, 'முடிக்குள்ள தடிச்சா யாருக்குத் தெரியும்? என் தலையில தடவு, உடனே தெரிஞ்சிரும்'னு. இந்தத் தழும்பு வெங்காயச் சாறு கூடிப்போன ஏழாவது எண்ணெய். இது கிராம்பு சேத்த பதினொண்ணாவது. மூணு நாள் அப்பா தூங்கல. எரியாம, அரிக்காம வந்தது இருபத்திமூணாவதுதான். அதைத்தான் பாட்டில்ல ஊத்தியிருக்கேன்."

பர்னபாஸ் கூச்சத்தோடு சிரித்தார்.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்து, முன்னைவிட வாசலுக்கு நேராகப் போட்டார்.

"உக்காரும்வே. ரெண்டு பெட்டி அனுப்பி விடும்மா."

வெளியே நடந்தார். காற்றில் அந்த நாலு முடியும் எழும்பிப் பறந்தன. அண்ணாச்சி அவற்றைப் படிய வைக்காமலே போனார்.