கோப்பையில் ஒரு பெயர்

பனி ஹாக்கி இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் கோப்பையில் பெயர் வெட்டுவது எஸ்தரின் வேலை. வருடத்துக்கு ஒரு பெயர்தான். அந்த ஒரு நாளை எப்படியோ மோப்பம் பிடித்து சவரிமுத்து வந்துவிடுவார். பழைய கோல்கீப்பர். இது பதினேழாவது தடவை. அவர் ஷூவில் ஒட்டியிருந்த பனி, அவள் இப்போதுதான் துடைத்த தரையில் உருகிக்கொண்டிருந்தது.

"என் பேரை எடுத்துடுங்கம்மா."

"வெட்டினா வெட்டினதுதான் சார். உங்களை மாதிரி தோத்த டீம்ல இருந்து இதை வாங்கினவங்க இன்னும் நாலு பேர் இருக்காங்க. அவங்க யாராவது வந்து என் உயிரை எடுக்கிறாங்களா?"

"அவங்க கடைசி வரைக்கும் நல்லா ஆடினவங்கம்மா. ஆட்டம் அறுபது நிமிஷம். இதுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிற பத்திரிகைக்காரங்க ஐம்பதாவது நிமிஷமே ஓட்டுப் போட்டுட்டாங்க. நான் மூணு கோல் விட்டது அதுக்கப்புறம்."

இதையும் பதினேழு தடவை கேட்டாயிற்று. எஸ்தர் உளியை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள். "இந்தாங்க, நீங்களே எடுத்துக்குங்க. ஆளை விடுங்க."

டீ குடிக்கப் போனவள், உளி அவர் கையில் இருப்பது நினைவுக்கு வந்ததும் பாதி டம்ளரை அப்படியே வைத்தாள். ஓடி வந்தாள். அவர் போயிருந்தார். தரையில் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது. கோப்பையில் அவர் பெயர் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, கோணல் எழுத்தில், 'ஐம்பதாம் நிமிடம் வரை.'

எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆழம் போதாமல் இருந்த அந்த 'வரை'யை இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டினாள்.